பல் போன குழிக்குள் ஒரு வலை

கெட்டிக்காரப் பிள்ளையே, வா, பக்கத்தில் இரு. இன்றைக்கு மாமா ஒரு வலையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். வலை கரைக்கு வரும்போது உள்ளே மீன்கள் துள்ளும். அதைப் போன்ற ஒரு வலை உன் வாய்க்குள்ளும் பின்னப்படும். பின்னுகிறவர் யார் தெரியுமா? உன்னுடைய இரத்தம்தான்! எப்போது? பல்லுப் பிடுங்கிய அன்றைக்கு.

பல் வைத்தியர் ஊசி போட்டு, ஈறு விறைத்த பிறகு, சூத்தைப் பல்லைக் கழற்றிவிட்டார். பிறகு, "இன்றைக்கு வாய் கொப்பளிக்காதே, உறிஞ்சிக் குடிக்காதே" என்று சொல்லி அனுப்பினார். நீ உடனே "ஏன்?" என்று கேட்டாய், பார்! அந்த "ஏன்?"தான் எனக்குப் பிடித்த சொல்.

பல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் குழி. அதில் இரத்தம் ஊறுகிறது. இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் என்று மிகமிகச் சிறிய துணுக்குகள் உண்டு. காயம் பட்டதும் அவை ஓடிவந்து, அறுந்த இரத்தக் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்ததுதான் அதிசயம். இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதம், மெல்லிய நூல்களாக மாறும். அந்த நூலுக்குப் பைபிரின் என்று பெயர். நூலோடு நூல் பின்னி வலை ஆகும். செங்குருதிக் கலங்கள் அந்த வலையில் மீன்களைப் போல் சிக்கிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து கருஞ்சிவப்பு ஜெலி மாதிரி ஒரு கட்டி ஆகிவிடும். அதுதான் குருதிக்கட்டி.

விளங்குகிறதா? நல்லது.

கண்ணாடியில் பார்த்தால் அது அழுக்குப் போலத் தெரியும். அழுக்கு இல்லை, செல்லமே. கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அது ஒரு மூடி. புதிய சதை வளர்வதற்கு அதுவே பந்தல். அந்த வலையைக் குலைக்காமல் விடுவதுதான் நீ செய்யவேண்டிய வேலை. வைத்தியர் சொன்னது எல்லாம் அதற்காகத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில், அவர் வைத்த பஞ்சை இறுக்கிக் கடித்துக்கொண்டு இரு. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய அரை மணித்தியாலம். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு மணி அடித்து, அடுத்த மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு வரை. அந்த அழுத்தத்தில் இரத்தம் நிற்கும், வலை பின்னப்படும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதே!

விறைப்புப் போக இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். அதுவரை சாப்பிடாதே. விறைத்த உதட்டையும் கன்னத்தையும் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிவிடுவாய்.

செவ்விளநீர் ஆசையா? குடி, ஆனால் ஸ்ட்ரோ வேண்டாம். நீ உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால்தான் இளநீர் மேலே ஏறி வருகிறது. அதே இழுப்பு குழிக்குள் இருக்கும் கட்டியையும் மேலே இழுக்கும். ஓங்கித் துப்புவதும் அப்படித்தான். எச்சில் வந்தால் விழுங்கிவிடு. முதல் நாள் அது கொஞ்சம் சிவந்திருந்தால் பயப்படாதே.

சுடச்சுடத் தேநீர் வேண்டாம். சூடு பட்டால் இரத்தக் குழாய்கள் விரியும், மறுபடி இரத்தம் கசியும். ஆறிய கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், தயிர், கரண்டியால் அள்ளிய ஐஸ்கிறீம், இவை நல்லவை. கச்சானும் முறுக்கும் உப்புத்தூள் தொட்ட மாங்காயும் சில நாள் காத்திருக்கட்டும். மாங்காய் எங்கே ஓடிவிடப் போகிறது?

பட்டம் ஏற்றக் கடற்கரைக்கு ஓடுவதும் நாளைக்கு. ஓடினால் இதயம் வேகமாக அடிக்கும், இரத்தமும் வேகமாகப் பாயும். புது வலை தாங்காது.

24 மணித்தியாலம் போனதா? இப்போது கொப்பளிக்கலாம். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. எந்தச் சூடு? கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தது நினைவிருக்கிறதா? உடம்புக்கு இதமாக இருக்குமே, அந்த அளவுதான். வாயில் எடுத்து, தலையை மெல்ல அப்படியும் இப்படியும் சாய்த்து, தானாக வழிய விடு. சாப்பிட்ட பிறகெல்லாம் செய். மற்றப் பற்களை வழக்கம் போலத் தீட்டு, குழிப் பக்கம் மட்டும் பிறஷ் போகவேண்டாம்.

கட்டி கழன்றுபோனால் என்ன ஆகும்? எலும்பு திறந்து கிடக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கடுமையான வலி தொடங்கும். பிள்ளைகளுக்கு இது அரிது. பெரியவர்களுக்கு, அதிலும் புகைப்பவர்களுக்கு அதிகம். உன் அப்பப்பா சுருட்டுப் பிடிப்பவரா? அவர் பல்லுப் பிடுங்கும் நாளில் நீயே இந்த வலைக் கதையைச் சொல்லு. பேரப்பிள்ளை சொன்னால் கேட்பார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பஞ்சைக் கடித்தும் இரத்தம் நிற்கவில்லையா? வலி குறையாமல் கூடுகிறதா? முகம் வீங்குகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா? உடனே அம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. மருந்தும் வைத்தியர் சொன்னதுதான். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. அது இரத்தம் உறைவதையும் தடுக்கும்.

ஒன்றிரண்டு கிழமையில் ஈறு மூடத் தொடங்கும். எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். உனக்குப் பாற்பற்கள் 20. அவை ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு புதுப் பல் தன் முறைக்குக் காத்திருக்கிறது. ஆனால் ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது, அதனால் பலர் அதையும் பாற்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறார்கள். அது போனால் வேறு வராது! இரவில் படுக்கும் முன் அதை நன்றாகத் தீட்டு. பள்ளிக்கூடத்துப் பற்சிகிச்சை நிலையத்தில் கூப்பிட்டால் ஒளியாமல் போய் வாயைக் காட்டு. நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய பழக்கம் அது. 1950களில் அந்த நாடு உதவி செய்ய, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பவர்களை நம் நாட்டிலும், மகரகமவில், பயிற்றத் தொடங்கினார்கள். உன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு பேர் யோசித்திருக்கிறார்கள், பார்!

பிடுங்கிய பல்லை என்ன செய்தாய்? அணிலிடம் புதுப் பல் கேட்டு ஓட்டுக்கு மேலே எறிந்தாயா? நல்லது. அணில் பல்லைக் கொண்டுவரட்டும். அதுவரை வலைக்குக் காவல் நீ.