பூனை திடீரென்று மாறினால்

நேற்றுவரை காலை உரசிக்கொண்டு திரிந்த பூனை இன்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கை நீட்டினால் சீறுகிறது. "திமிர் ஏறிப்போச்சு" என்பார்கள் வீட்டில். பல நேரங்களில் அது திமிர் அல்ல, வலி.

பூனை வேட்டைக்காரன்தான், ஆனால் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் கூடியது. அதனால் நோவை வெளியே காட்டாமல் மறைக்கும். முகம்தான் காட்டிக்கொடுக்கும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். காதுகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் இடுங்கும், வாயோரம் இறுகும், மீசை விறைக்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும்.

கடுவன் பூனை வளர்ப்பவர்கள் மணல் தட்டையும் கவனிக்க வேண்டும். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சிறுநீரில் உருவாகும் மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பூனை தட்டுக்குப் போகும், முக்கும், ஒரு சொட்டோடு எழுந்துவரும். அடியை நக்கும், மறுபடி போகும். குளியலறை மூலையில் உட்கார்ந்து கத்துவதும் உண்டு. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுகிறோம். அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நின்றுபோகலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய பூனை நிறையத் தின்றும் இளைத்து, ராத்திரியில் ஊளையிட்டால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். அலமாரி மேல் தாவுவதை நிறுத்தினால் மூட்டுவலியாக இருக்கலாம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையானால், கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும்.

எல்லாமே நோயும் அல்ல. ஜன்னலுக்கு வெளியே அந்நியப் பூனையைக் கண்ட ஆத்திரத்தில் பக்கத்தில் நிற்கும் நம்மைக் கடிப்பதுண்டு. அப்போது தூக்காமல் தனியே விடுவதே நல்லது. ஆனால் எந்தப் பூனை கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் பூனை வழியாகவும் வரும்.

தயவுசெய்து, வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.