வயலினா, குழலா?

இளையராஜா ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு செல்லச் சண்டை நிச்சயம் உண்டு. 'ஹவ் டு நேம் இட்' உசத்தியா, 'நத்திங் பட் விண்ட்' உசத்தியா? இரண்டுமே சினிமாவுக்காக அல்லாமல் அவர் தனியாகத் தந்த இசைத் தொகுப்புகள்.

மூத்ததான 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் அதற்கு உயிர். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில், தனி வயலினுக்காக பாக் எழுதிய இசையை எடுத்துக்கொண்டு அதன்மேல் தன் கற்பனையை ஓடவிடுகிறார் ராஜா. வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு அரட்டை அடிப்பது மாதிரி இருக்கும்.

இளையதான 'நத்திங் பட் விண்ட்' 1988-இல். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். குழல் பக்கம் நிற்பவர்களுக்கு வேறு சாட்சியே வேண்டாம்!

பாடல் வரி கிடையாது, கதாநாயகன் கிடையாது. அதனால் நட்சத்திர அபிமானம் குறுக்கே வராது. காது சொல்வதுதான் தீர்ப்பு. நம்ம ஓட்டு வயலினுக்கே.

நேயர்களே, நீங்களும் நண்பர்களோடு இந்தப் போட்டியை நடத்திப் பாருங்கள். ஒரே நிபந்தனை: எதையும் தாண்டிப் போகாமல், இரண்டையும் முழுசாகக் கேட்ட பிறகுதான் வாக்கெடுப்பு.