பன்னிரண்டில் ஒன்று

நசரத்பேட்டையில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்த நாம், சென்ற தை மாதத்தில் ஒரு காலைப்பொழுதை முழுவதும் அவர் வீட்டு முற்றத்திலேயே கழிக்க நேர்ந்தது. எண்பது வயதைக் கடந்த அவ்வம்மையாரை அவருடைய பேரன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு படங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நாமும் முதலில் பொறுமை இழந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

பேரன் கையிலிருந்தது, ஸ்டுடியோ வைத்திருந்த பாட்டனாரின் பழைய யாஷிகா. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு லென்சுகள் கொண்ட பெட்டி அது. மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது படம் பதிவதற்கு. அதைக் கண்ணருகே உயர்த்துவதில்லை. மார்புக்குக் கீழே பிடித்துத் தலை குனிந்து, மேற்புறக் கண்ணாடியில் தோன்றும் உருவத்தை நோக்கவேண்டும். அங்கே இடம் வலமாகத் தெரியுமாதலால், எப்பக்கம் திருப்புவதென்று பழகாத கை தடுமாறும். வெளிச்சத்தைத் தனியே ஒரு மீட்டரால் அளந்து, அதற்கேற்பத் துவாரத்தையும் வேகத்தையும் திருத்தி, தெளிவு பார்த்து, மூச்சடக்கி அழுத்தியபின் மீண்டும் குமிழைத் திருகிச் சுருளை நகர்த்தவேண்டும்.

இதற்குரிய 120 எண் சுருளை 1901இல் கோடக் நிறுவனம் வெளியிட்டது. 35 மி.மீ. சுருளில் 36 படங்கள் கிடைக்க, இதில் சதுரப் படம் 12தான். ஆனால் ஒவ்வொன்றின் பரப்பும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. பெரிதாக்கினாலும் முகம் கலங்காது. உதகையில் 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் சுருள்களை விற்றது. அவ்வாலை மூடப்பட்டுவிட்டது, பேரன் வாங்கியது வெளிநாட்டுச் சுருள்.

நாற்காலியில் அமர்ந்த பாட்டி, ரேஷன் அட்டைக்குப் படமெடுப்பதுபோல் முதலில் விறைத்திருந்தார். நான்காம் படத்திற்குப் பேரன் மீட்டரோடு மல்லாடிக்கொண்டிருக்கையில் நம்மிடம் பேசத் தொடங்கினார்.

"ஊரிலே எத்தனை கல்யாணம், எத்தனை புதுநன்மைக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிப் போனார் தெரியுமா, சாமி! என்னையும் ஒன்று எடுங்கள் என்றால், சுருளில் கடைசிப் படம் மிஞ்சட்டும் என்பார். ஒரு நாளும் மிஞ்சவில்லை."

பேரன் நிமிரவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நிதானத்தைப் புகழ்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்த நாமும் அடங்கிப்போனோம். சுருளின் சிக்கனம் ஒரு பெண்ணை நாற்பது ஆண்டுகள் காக்க வைத்திருக்கிறது! பேரப்பிள்ளைகளின் கைப்பேசிகளில் அவர் நூறு முறை இருக்கிறார். எல்லாவற்றிலும் மடியில் ஒரு குழந்தை, அல்லது ஓரத்தில் பாதி முகம்.

சுருளைக் கழுவியபோது இரண்டு படங்கள் கெட்டிருந்தன. மூன்றாவதில் பேரன் தெளிவு பார்க்க மறந்திருந்தான். பன்னிரண்டாவதில் வெளிச்சம் புகுந்துவிட்டது. ஒன்பதாவதைப் பாட்டி தேர்ந்தெடுத்தார். அதில் அவர் பேரனைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்க்கிறார்.

உயிரோடிருப்பவர் படத்தை மறைந்தவர் படத்தருகே மாட்டலாகாது என்று மருமகள் தடுத்துப் பார்த்தார். பாட்டி கேட்கவில்லை. கணவர் படத்திற்கு வலப்பக்கம் ஆணி அடித்தாயிற்று.