கல்லாவில் உள்ள கணினி நம் கைக்கு அடங்கட்டும்

எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துவரம் பருப்பும் சர்க்கரையும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். பண்டிகைக்கு மட்டும் விற்கும் சரக்கு பரணில் இருக்கும். நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடம் வீணானால் வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கல்லாவில் வைத்திருக்கும் கணினியை மட்டும், எங்கோ இருக்கும் யாரோ அடுக்கி அனுப்பியபடியே விட்டுவிடுகிறோம். பில் போடும் நிரல் ஒரு மூலையில் இருக்க, நமக்கு ஒருநாளும் தேவைப்படாத படங்கள் முன்வரிசையில் நிற்கின்றன.

இதைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் காயலான் கடைக்குப் போட மனம் வராத வணிகர்கள் லினக்ஸ் பக்கம் பார்க்கிறார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இது, இன்று லினக்ஸ் மின்ட், உபுண்டு எனப் பல வடிவங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. லினக்ஸ் மின்ட் ஓட 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் போதுமானது. நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

மாறியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "பையன் திரையைப் பார்த்தாலே மிரளுகிறான்." இது கணினியின் குறை அல்ல. திரையை நம் கடைக்கு ஏற்றபடி அடுக்காததால் வந்த தொல்லை. சின்னங்களையும் அவை திறக்கும் நிரல்களையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் மின்ட் சின்னமன் பதிப்பை வைத்து வழியைச் சொல்கிறோம்.

முதலில் காகிதத்தில் எழுதுங்கள்

ஒரு நாளில் கணினியில் செய்யும் வேலைகளைப் பட்டியல் போடுங்கள். பெரும்பாலான மளிகைக் கடைகளில் அது ஐந்தைத் தாண்டாது: பில், சரக்கு இருப்பு, கடன் பேரேடு, கொள்முதல் பட்டியல், ஜி.எஸ்.டி. இந்த ஐந்துக்கும் திரையில் ஐந்து சின்னங்கள் போதும். மற்றவை மெனுவுக்குள் கிடக்கட்டும். கீழே உள்ள பட்டையில் வேண்டாத சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்திப் பட்டையிலிருந்து எடுத்துவிடலாம். இதனால் நிரல் அழிந்துபோகாது. ஆனால் மெனுவில் ‘அன்இன்ஸ்டால்’ என்று ஒரு வரி வரும். அதைத் தொட்டால் நிரலே போய்விடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

புதிய சின்னம் உண்டாக்குவது எப்படி?

திரையின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தினால் ‘கிரியேட் எ நியூ லாஞ்சர் ஹியர்’ என்ற வரி தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிறு படிவம் திறக்கும். அதில் நிரப்ப வேண்டியவை மூன்று: பெயர், கட்டளை, படம்.

பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ‘இருப்பு’, ‘கடன் பேரேடு’ என்று எழுதிவிட்டால் ஆங்கிலம் தெரியாத ஆளும் தயங்கமாட்டார். யூனிகோடு எழுத்தாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கவனம். பழைய டி.டி.பி. எழுத்துருக்களில் அடித்தது இங்கே சரியாகத் தெரியாது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது. அமைப்புகளில் சேர்த்துக்கொண்டால் போதும்.

கட்டளை என்பது எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு. இங்கேதான் நமக்கு வசதி அதிகம். லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற கணக்குத்தாள் நிரலின் கட்டளையோடு, நம் கடன் பேரேடு இருக்கும் இடத்தையும் சேர்த்து எழுதினால், ஒரே சொடுக்கில் பேரேடே திறந்துவிடும். அதேபோல் பயர்பாக்ஸின் கட்டளையோடு இணைய முகவரியைச் சேர்த்தால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். பின்னால் கோப்பை வேறு இடத்துக்கு மாற்றினால் சின்னம் வேலை செய்யாது. ஆகையால் கணக்குகளுக்கு ஒரு நிலையான கோப்புறையை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

படத்துக்கு பி.என்.ஜி. அல்லது எஸ்.வி.ஜி. வகைக் கோப்பு ஏற்றது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நிறம் கொடுங்கள். பில்லுக்குப் பச்சை, கடனுக்குச் சிவப்பு என்று வைத்தால் அவசரத்திலும் கை தவறாது. படத்தைப் பென் டிரைவில் வைக்கக்கூடாது. அதைக் கழற்றினால் படமும் காணாமல் போகும்.

ஏற்கெனவே உள்ள சின்னத்தை மாற்றுவது

ஒவ்வொரு நிரலுக்கும் ‘டெஸ்க்டாப்’ என்ற பின்னொட்டுடன் ஒரு சிறு எழுத்துக்கோப்பு உண்டு. பெயர், கட்டளை, படம் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். பொதுக் கோப்புகள் கணினியின் பொது அலமாரியில், ‘யு.எஸ்.ஆர்.’ கோப்புறையின் ‘ஷேர்’ பகுதியில், ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் இருக்கின்றன. அங்கே போய்த் திருத்தினால் அடுத்த புதுப்பித்தலில் நம் திருத்தம் அழிந்துபோகலாம்.

சரியான வழி, அந்தக் கோப்பின் படியை நம் சொந்தக் கோப்புறையில் வைத்துத் திருத்துவது. ‘ஹோம்’ கோப்புறையில் கன்ட்ரோல், ஹெச் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். புள்ளியுடன் தொடங்கும் ‘லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்று போக வேண்டும். கோப்பின் பெயரை மாற்றாமல் அங்கே வைத்தால், கணினி பொதுப் படியை விட்டு நம் படியையே எடுத்துக்கொள்ளும். கம்பெனி அச்சடித்த விலைப்பட்டியல் சுவரில் இருந்தாலும், நாம் எழுதிவைத்த விலைதானே கடையில் செல்லும்! திருத்தம் தவறிப்போனால் நம் படியை அழித்துவிடலாம்; பழையது தானே திரும்பிவிடும். எனவே பயப்படத் தேவையில்லை.

எந்தக் கோப்பு எதில் திறக்க வேண்டும்?

மொத்த வியாபாரி பில்லைப் பி.டி.எஃப். ஆக அனுப்புகிறார், அது வேண்டாத நிரலில் திறந்து தொல்லை தருகிறது. அமைப்புகளில் ‘பிரிஃபர்ட் அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் இணையம், அஞ்சல், ஆவணம், படம் ஒவ்வொன்றுக்கும் இயல்பான நிரலை நிர்ணயிக்கலாம். ஒருமுறை செய்தால் போதும்.

சின்னம் பெயர்ப்பலகை, பூட்டு அல்ல

இது முக்கியமானது. வங்கிக் கணக்குச் சின்னத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால் யாரும் அங்கே போகமுடியாது என்று எண்ணக்கூடாது. பெயர்ப்பலகையைக் கழற்றினால் கடை பூட்டியதாகிவிடுமா? முதலாளிக்கு ஒரு கணக்கு, ஆட்களுக்கு ஒரு கணக்கு என்று கணினியில் தனித்தனியாக உண்டாக்குங்கள். ஆட்களின் கணக்குக்கு நிர்வாக உரிமை தரவேண்டாம். ஒவ்வொரு கணக்குக்கும் தனித் திரை இருப்பதால், ஆட்களின் திரையில் பில்லும் இருப்பும் மட்டும் இருக்கும்படி செய்யலாம்.

இன்னொன்று. சின்னத்தின் பெயரும் படமும் ஒன்றாக இருக்க, உள்ளே இருக்கும் கட்டளை வேறாக இருக்கமுடியும். ‘பில்’ என்று எழுதிவிட்டுக் கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் வைக்கலாம். ஆகவே மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ வரும் சின்னத்தை நம்பித் திறக்காதீர்கள். கணினி ‘நம்பத்தகாதது’ என்று எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாறுவதற்கு முன்

டேலி நிரல் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் நேரடியாக ஓடாது. பில் அச்சிடும் கருவி, மின்தராசு, டிஜிட்டல் கையொப்பச் சாவி இவை ஒத்துப்போகுமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அப்போது அடுக்கிய சின்னங்கள் கணினியை அணைத்ததும் போய்விடும் என்றாலும், கருவிகள் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். நிறுவுவதற்கு முன் கணக்குகளை வேறு வட்டில் ஒரு படி எடுத்துவிடுவது கட்டாயம்.

கூட்டம் குறைந்த ஒரு மதிய நேரம் இந்த வேலைக்குப் போதும். ஐந்து சின்னங்களையும் அடுக்கியபின், ஆட்களைக் கூப்பிட்டு அவர்கள் கையாலேயே ஒவ்வொன்றையும் திறக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறார்களோ அந்த இடத்தில் பெயரையோ படத்தையோ மாற்றுங்கள். இயந்திரம் நம் வியாபாரத்துக்குத்தான். நம் வழக்கத்துக்கு அது வளைந்துகொடுக்கட்டும்.