'புலி வருது' என்று கூவும் விமானம்
பொய் எச்சரிக்கையும் விமானியின் சில விநாடிகளும்

இரவு நேரம். கீழே மேகம். இன்னும் பத்து நிமிடத்தில் விமானம் தரையைத் தொட வேண்டும். பயணிகள் இடுப்புப் பட்டையை மாட்டிக் கொண்டு, ஊர் விளக்குகள் தெரிகின்றனவா என்று ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். அப்போது விமானிகள் அறையில் ஒரு குரல் ஒலிக்கிறது: "புல் அப்! புல் அப்!" எதிரே தரை இருக்கிறது, மேலே ஏறு என்று கருவி கட்டளையிடுகிறது.

கருவி சொல்வது மெய்யா, பொய்யா? யோசிக்க விமானிக்கு இருப்பவை சில விநாடிகளே!

கருவி வந்த கதை

எந்தப் பழுதும் இல்லாத விமானங்கள், இருட்டிலும் மேகத்திலும் மலையில் மோதி நொறுங்கியது ஒரு காலத்தில் அடிக்கடி நடந்தது. 1974 டிசம்பர் 1-ம் தேதி வாஷிங்டன் அருகே போயிங் 727 ஒன்று மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதன் பிறகே பெரிய பயணி விமானங்களில் தரை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. கருவியை உருவாக்கியவர் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன். அவர் 2023-ல் காலமானார்.

விமானத்தின் அடிவயிற்றிலிருந்து ரேடியோ அலை தரைக்குச் சென்று திரும்புகிறது. அதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு ரேடியோ உயரமானி உயரத்தைக் கணக்கிடும். உயரம் மளமளவென்று குறைந்தால் எச்சரிக்கைக் குரல் எழும். ஆரம்ப காலக் கருவி நேர் கீழே மட்டுமே பார்க்கும். குன்றைப் பத்திரமாகக் கடந்தாலும் கூப்பாடு போடும். 1990-களில் மேடு பள்ளங்களின் வரைபடமும், செயற்கைக்கோள் மூலம் இடமறியும் ஜி.பி.எஸ். முறையும் சேர்க்கப்பட்டன. பொய்க் கூப்பாடு வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை.

பழகிப் போன ஓசை

2009 பிப்ரவரி 25. இஸ்தான்புல்லிலிருந்து 135 பேருடன் ஒரு போயிங் 737 விமானம் ஆம்ஸ்டர்டாமில் இறங்கிக் கொண்டிருந்தது. அதன் இடப்பக்க ரேடியோ உயரமானி பழுது. விமானம் உயரத்தில் பறக்கும்போதே, தரைக்குக் கீழே 8 அடியில் இருப்பதாகக் காட்டியது! சக்கரம் இறக்கவில்லை என்று எச்சரிக்கை மணி பலமுறை ஒலித்தது. பொய் மணி என்று விமானிகளுக்குத் தெரியும். விட்டு விட்டார்கள்.

ஆனால் அதே பொய்யை இன்னொன்றும் கேட்டுக் கொண்டிருந்தது. எஞ்சினைத் தானே இயக்கும் கருவி, விமானம் தரையைத் தொடப் போகிறது என்று நம்பி விசையைக் குறைத்து விட்டது. வேகம் விழுந்தது. சுமார் 460 அடி உயரத்தில் மெய்யான எச்சரிக்கை வந்தபோது காலம் கடந்து விட்டது. விமானம் வயலில் விழுந்து 9 பேர் இறந்தனர். விமானிகள் அறையில் இருந்த மூவரும் அதில் அடக்கம். முந்தைய இரு நாட்களிலும் அதே விமானத்தில் இக்கோளாறு தலைகாட்டியிருந்தது பின்னர் தெரிய வந்தது.

மெய் பொய்யானது

புலி வருது, புலி வருது என்று ஊரை ஏமாற்றிய சிறுவனை எல்லோரும் அறிவோம். நிஜப் புலி வந்தபோது யாரும் வரவில்லை. 2012 மே 9-ம் தேதி இந்தோனேஷியாவில் அதுதான் நடந்தது. வாங்குவோருக்குக் காட்டுவதற்காகப் பறந்த ரஷ்ய சுகோய் விமானம் மேகத்துக்குள் சலாக் மலையை நெருங்கியது. கருவி சரியாகவே எச்சரித்தது. வரைபடத்தில்தான் கோளாறு என்று எண்ணிய விமானி கருவியை அடக்கி விட்டார். விமானத்தில் இருந்த 45 பேரும் மாண்டனர். முதல் எச்சரிக்கைக்குப் பின் 24 விநாடிக்குள் ஏறியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று விசாரணையில் நடந்த ஒத்திகை காட்டியது.

சந்தேகம் வந்தால்?

ரயில்வேயில் பழைய விதி ஒன்று உண்டு. நிறுத்த சிக்னலின் விளக்கு அணைந்திருந்தால், பச்சையாகத்தான் இருக்கும் என்று டிரைவர் போகக் கூடாது. சிவப்பு என்றே கொண்டு நிற்க வேண்டும். விமானம் ஆகாயத்தில் நிற்க முடியாது. அதற்கு 'நில்' என்றால் 'ஏறு' என்று பொருள். இரவிலோ மேகத்திலோ "புல் அப்" கேட்டால் முதலில் முழு விசை கொடுத்து ஏற வேண்டும். மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சி அப்புறம். பட்டப் பகலில், தரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, ஆபத்தில்லை என்று உறுதியானால் மட்டுமே விலக்கு உண்டு. இறங்கிய பின் பொய் எச்சரிக்கையையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால்தான் பழுது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

புதுத் தலைவலி

இப்போது வேறொரு பொய்யும் சேர்ந்திருக்கிறது. யாரோ அனுப்பும் போலி ஜி.பி.எஸ். சிக்னலால் விமானம் தான் இருக்கும் இடத்தையே தவறாக நினைக்கிறது. அப்படிப்பட்ட பகுதியைத் தாண்டி வெகு நேரமான பின்பும், இறங்கும் சமயத்தில், இல்லாத மலைக்கு எச்சரிக்கை எழுவதுண்டு. அமிர்தசரஸ், ஜம்மு உள்ளிட்ட எல்லைப் பகுதியில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 ஜி.பி.எஸ். குறுக்கீட்டுச் சம்பவங்கள் பதிவானதாக அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. 2025-ல் டில்லியை நெருங்கிய சில விமானங்களும் இத்தொல்லைக்கு ஆளாயின. அங்கே விமானிகள் மாற்று வழிமுறைகளைக் கையாண்டனர். ஜி.பி.எஸ்.ஸை நம்பாத தரைக் கருவிகளும், காற்றழுத்த உயரமானியும், கட்டுப்பாட்டு அறையின் ராடாரும் இதற்குத்தான் கைகொடுக்கின்றன.

பொய் எச்சரிக்கைக்குப் பணிந்து ஏறினால் நஷ்டம் கொஞ்சம் எண்ணெயும் கால் மணி நேரமும். மெய் எச்சரிக்கையை மதிக்காவிட்டால்? 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கருவி பலமுறை எச்சரித்தது. திரும்ப ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். இருந்தும் விமானம் இறக்கப்பட்டது. 158 உயிர்கள் போயின. தப்பியவர்கள் 8 பேர்.

இறங்க வேண்டிய விமானம் திடீரென்று சீறிக் கொண்டு மேலே ஏறினால், பயணிகள் பயப்படவும் வேண்டாம், தாமதமாகிறதே என்று சலித்துக் கொள்ளவும் வேண்டாம். சந்தேகம் வந்தபோது விமானி சரியானதைச் செய்தார் என்றுதான் அதற்குப் பொருள்.