சைக்கிள் சக்கரமும் அதன் தடையும்



ஐப்பசி மழையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையில் சைக்கிள் ஓட்டியவர் எவரும் ஒன்றை அறிவர். பிரேக்கை இறுகப் பிடித்த பின்னரும் வண்டி சிறிது தூரம் நம் சொற்கேளாமல் ஓடும். என் மாணவன் ஒருவன் அவ்வாறே ரயில்வே கேட்டில் மோதி முன்பற்கள் இரண்டை இழந்தான். பிரேக்குக் கட்டை புதியது, குற்றம் அதனுடையதன்று. முலாம் பூசிய எஃகு விளிம்பு கண்ணாடி போல் வழவழப்பானது. அதன்மேல் நீர்ப்படலம் படிந்தால் ரப்பருக்குப் பிடி கிட்டாது. தொலைவிலேயே பிரேக்கை மெல்லத் தொட்டு, விளிம்பின் நீரைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்த வேண்டும்.

1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், பின்னாளில் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தபோது விளிம்பு எஃகாகவே இருந்தது. எஃகு துருப்பிடிக்கும், வளையும். ஆயினும் தெருமுனைக் கடைக்காரர் ஆரக்கம்பிகளை முறுக்கிப் 'பெண்டு' எடுத்துவிடுவார். அலுமினியமோ எடை குறைந்தது. நனைந்தாலும் எஃகினும் நன்றாகப் பிடிக்கும். நாளடைவில் கட்டை உராய்ந்து தேயும்.

இன்று பந்தய வண்டிகளில் கார்பன் சக்கரம் வந்துள்ளது. கரியிழைகளைப் பிசினில் தோய்த்துச் சூட்டில் இறுகச் செய்வது அது. இலேசானது, விறைப்பானது. ஆனால் பிரேக்கின் வேலை யாது? ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதன்றோ? ஆளும் வண்டியுமாக 80 கிலோ, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிறுத்துவதற்கு 1,000 ஜூல்தான். நம் சமவெளியில் இது பொருட்டன்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவரை எண்ணிப் பாருங்கள். 1,000 மீட்டர் இறக்கத்திற்கு ஏறத்தாழ 8 இலட்சம் ஜூல்! இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. காற்று தடுத்துக் கழிப்பது போக எஞ்சியதை விளிம்பே ஏற்க வேண்டும். அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்திக் காற்றிற்கு விட்டுவிடும். கார்பன் விளிம்போ உராயும் இடத்திலேயே தேக்கிக்கொள்ளும். பிசின் இளகும், டயரின் காற்றழுத்தம் விளிம்பை வெளியே பிதுக்கும், டியூப் வெடித்தலும் உண்டு. அலுமினியத்திற்குரிய கட்டையை இதற்குப் பொருத்துவது பேதைமை.

ஆதலின் தடையை விளிம்பினின்று அகற்றி, அச்சருகே எஃகு வட்டத்தகட்டில் வைத்தனர். உலகச் சைக்கிள் சம்மேளனம் 2018-இல் சாலைப் பந்தயங்களில் இதனை முழுமையாக அனுமதித்தது. வெப்பம் தகட்டோடு நிற்கும். மழையிலும் பிடி தளராது.

எனினும் பள்ளத்தில் மோதினால் கார்பன் வளைவதில்லை, விரிசல் விடும். அதுவும் சிலபோது உள்ளேயே மறைந்திருக்கும். சந்தையில் பானையைத் தட்டி வாங்குவதுபோல விளிம்பை நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் ஓசை மழுங்கினால் அங்கே இழைகள் பிரிந்திருக்கக்கூடும். அதற்குப் பெண்டு எடுக்க எந்தக் கடைக்காரராலும் இயலாது.