கையில் வேலை இருக்கு, அத்தாட்சி இருக்கா?



மரச்சாமான் பட்டறைகளில் நம்மில் பலர் வேலை செய்கிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் அடிப்பது, மைக்கா ஒட்டுவது, நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, சோபாவுக்கு உறை தைப்பது எல்லாம் நம் கை படுகிற வேலைதான். ஆனால் சம்பள நோட்டில் பத்து வருஷம் ஆனாலும் "ஹெல்பர்" என்றுதான் எழுதுகிறார்கள். "எனக்கு வேலை தெரியும்" என்றால், "அதுக்கு அத்தாட்சி என்னம்மா?" என்று கேட்கிறார்கள். அந்த அத்தாட்சியை எப்படி வாங்குவது?

தெரிந்த வேலைக்கே சான்றிதழ்

2013-ல் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. எங்கே படித்தோம் என்பதைவிட, என்ன செய்யத் தெரியும் என்பதையே இது பார்க்கிறது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தில் கற்ற வேலையைச் சோதித்துச் சான்று தரும் முறையும் சேர்ந்தது. இதை ஆர்.பி.எல். என்பார்கள். முதலில் நமக்கு என்ன தெரியும் என்று பேசிப் பார்ப்பார்கள். பிறகு சில மணி நேர வகுப்பு. கடைசியில், வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் தேர்வு வைப்பார். நம் குழுவைத் தரம் பார்த்த பிறகுதானே வங்கி கடன் தந்தது? அதே மாதிரிதான்.

தேர்வில் பயப்பட என்ன இருக்கு?

அளவு எடுப்பது, அறுப்பது, ஜாயிண்ட் போடுவது, மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பது, பாதுகாப்பு எல்லாம் பார்ப்பார்கள். "ஏன் இப்படிச் செய்யணும்?" என்றும் கேட்பார்கள். நம் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது! அதனால் சொல்லிப் பழகணும். ரேகை ஓடுகிற வாக்கில் ஏன் தேய்க்கிறோம்? குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷில் பளிச்சென்று தெரியும். ஈர மரம் ஏன் கூடாது? காயும்போது சுருங்கி ஜாயிண்ட் விட்டுவிடும்.

பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.

எட்டாம் வகுப்பு முடித்த மகளோ மகனோ இருந்தால், ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் பிரிவு ஒரு வருஷப் படிப்பு. அனுபவம் உள்ள பெரியவர்கள் தனித்தேர்வராக எழுதவும் அறிவிப்பு வருவதுண்டு. அதற்கு வேலை அனுபவச் சான்று தேவைப்படும். இப்போதே முதலாளியிடம் எழுதிக் கேட்டு வையுங்கள்.

நாமே சேர்க்கும் சாட்சி

சான்றிதழ் வந்ததும் கூலி தானாக ஏறிவிடாது. வாடிக்கையாளர் பார்க்க விரும்புவது நாம் செய்த சாமானைத்தான். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, என்ன மரம், என்ன அளவு, நாம் செய்த பங்கு என்ன, வாங்கிய கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுங்கள். கூலி பேசும்போது சான்றிதழையும் நோட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கவனம்!

"பணம் கொடுங்க, தேர்வு இல்லாமலே சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேன்" என்பவரை நம்பாதீர்கள். பதியும்போது பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், யாருக்கு என்ன வேலை தெரியும், எத்தனை வருஷ அனுபவம் என்று பட்டியல் எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் தனியாகப் போய் நிற்பதைவிட, பட்டியலோடு சேர்ந்து போய்க் கேட்டால் பலன் உண்டு. ஹெல்பர் என்ற பெயரை மாற்றி எழுத வைப்போம்!